இரவல் வேகமும் சொந்த வேகமும்

கைப்பேசிக்கென்று தனியாகச் செய்யப்படும் எடை குறைந்த வலைப்பக்க வடிவங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறதா? தமிழ்த் தளங்கள் முடிவெடுக்க வேண்டிய நேரம் இது.

கோவை மாவட்டம் கிணத்துக்கடவு தினசரி மார்க்கெட்டில் தக்காளிக்கு விலை சொல்வது 15 கிலோ பெட்டிக் கணக்கில். இங்கிருந்து கேரளத்துக்கு லாரி ஏறும் தக்காளி அன்றைக்கு என்ன விலைக்குப் போனது என்பது சுற்றுவட்டார விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டிய தகவல். தக்காளி, கத்தரி, வெண்டை, தேங்காய் என 20 சரக்குகளின் விலையை அட்டவணையாகத் தட்டச்சு செய்து வைத்தாலும் 3 கே.பி.யைத் தாண்டாது. அதே விலையை ஏதாவதொரு செய்தித் தளத்தில் தேடிப் படிக்கப் போனால், கூடவே விளம்பரங்கள், தானாக ஓடும் வீடியோ, வாசகரைப் பின்தொடரும் நிரல்கள், ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பவா?’ என்று மறித்துக் கேட்கும் பெட்டி என எல்லாம் சேர்ந்தே இறங்குகின்றன. உலகெங்குமுள்ள தளங்களைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் ஹெச்.டி.டி.பி. ஆர்க்கைவ் கணக்குப்படி, எடை வரிசையில் நடுவில் நிற்கும் கைப்பேசி முகப்புப் பக்கம் 2015 ஜூலையில் சுமார் 845 கே.பி. இருந்தது. 2025 ஜூலையில் அது 2.3 எம்.பி.யைத் தாண்டிவிட்டது.

இந்த எடையைக் குறைக்கத்தான் ‘லைட்’ வடிவங்கள் வந்தன. அவற்றில் பெரிய பெயர், கூகுள் கொண்டுவந்த ஏ.எம்.பி. (ஆக்ஸிலரேட்டட் மொபைல் பேஜஸ்). இந்தியச் செய்தித் தளங்கள் பலவும் தங்கள் பக்கங்களை இந்த வடிவத்தில் இன்னொரு பிரதி எடுத்து கூகுளுக்குக் கொடுத்தன. பத்தாண்டு கழிந்துவிட்டது. அந்தப் பிரதிகளை வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்ற கேள்வி இன்று ஒவ்வொரு தளத்தின் முன்னும் இருக்கிறது. என் பதில் இரண்டு பகுதி கொண்டது. தனி வடிவத்தின் காலம் முடிந்துவிட்டது. எடை குறைக்க வேண்டிய கட்டாயம் கொஞ்சமும் முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், ஏ.எம்.பி.யைக் கழற்றிய கையோடு வேகத்தையும் குப்பையில் போட்டுவிடுவோம்.

அடுத்தவர் சர்வரில் கிடைத்த வேகம்

எடை குறைந்த வலைக்கும் தமிழுக்கும் உள்ள உறவு ஏ.எம்.பி.க்கும் மூத்தது. 2006இல் உலகெங்கும் வெளியான ஓபரா மினி பிரவுசரை நினைத்துப் பாருங்கள். அன்றைய நோக்கியா, சோனி எரிக்சன் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது; தமிழ்த் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஓபரா மினியின் முகவரிப் பட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பை ‘யெஸ்’ என்று மாற்றி வைத்தால், ஓபராவின் சர்வர் தமிழ்ப் பக்கத்தைத் தானே வாங்கி, எழுத்துகளைச் சிறு படங்களாக்கி, சுருக்கி அனுப்பும். 2ஜி இணைப்பில் தமிழ் வலைப்பூக்களையும் நாளிதழ்களையும் கைப்பேசியில் படித்த முதல் தலைமுறைக்கு வழி திறந்தது இந்த ஓர் அமைப்புதான். போனுக்கு முடியாத வேலையை வேறொருவரின் சர்வர் செய்து கொடுத்தது. அன்றைய நிலையில் அதைவிட நல்ல தீர்வு இல்லை.

2015இல் இந்த வேலையைச் செய்து கொடுக்கப் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. பிப்ரவரியில் ஃபேஸ்புக் தன் இன்டர்நெட்.ஆர்க் சேவையை ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாகத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியது. பின்னாளில் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறிய அந்தத் திட்டத்தில் இடம்பெற வேண்டுமானால், ஒரு தளம் ஃபேஸ்புக் சொன்ன அளவுக்குத் தன்னை இளைத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் செய்தி நிறுவனங்களுக்காக அதே ஃபேஸ்புக்கின் இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸ் வந்தது. மெதுவான இணைப்பில் இருப்பவர்களுக்குப் பக்கத்தைச் சுருக்கித் தரும் வெப் லைட்டை அதே ஆண்டு கூகுள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அக்டோபரில் ஏ.எம்.பி. அறிவிக்கப்பட்டு, 2016 பிப்ரவரியில் தேடல் முடிவுகளில் மின்னல் குறியோடு வந்து அமர்ந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ன ஆனது? ஃப்ரீ பேசிக்ஸ் போன்ற பாகுபாடான கட்டணங்களை 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை செய்தது. இவற்றைப் போலவே பக்கங்களைச் சுருக்கித் தந்த குரோம் பிரவுசரின் லைட் மோடு 2022 மார்ச்சில் நின்றது. வெப் லைட் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸ் 2023 ஏப்ரலில் முடிந்தது. ஏ.எம்.பி. மூடப்படவில்லை, அதன் நிர்வாகமும் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் கீழ் போய்விட்டது. ஆனால், அதைத் தளங்கள் விழுந்தடித்து ஏற்றுக்கொண்ட காரணம் 2021 ஜூனில் போய்விட்டது. அதுவரை கைப்பேசித் தேடலின் உச்சியில் வரும் ‘டாப் ஸ்டோரீஸ்’ வரிசையில் இடம் பிடிக்க ஏ.எம்.பி. பிரதி வேண்டும். அந்த நிபந்தனையை கூகுள் எடுத்துவிட்டது. மின்னல் குறியும் மறைந்தது.

தடை, நட்டம், கொள்கை மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். விளைவு ஒன்றுதான். வேகம் யாருடைய சர்வரில் இருந்ததோ, அவர்கள் முடிவெடுத்த அன்று அது போய்விட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான் இது. தங்கள் சொந்தப் பக்கத்தை இளைக்க வைத்த தளங்களுக்கு இந்த மூடல்களால் எந்த இழப்பும் இல்லை. சொந்தப் பக்கத்தைப் பெருக்கவிட்டு, ‘கூகுளுக்கு ஒரு லைட் பிரதி இருக்கிறதே’ என்று இருந்த தளங்கள்தான் இன்று திண்டாடுகின்றன.

ஏ.எம்.பி. பக்கம் ஏன் பறந்தது?

ஏ.எம்.பி.க்கு உரிய மதிப்பைக் கொடுத்துத்தான் பேச வேண்டும். அதன் விதிகள் நல்ல விதிகள். தள உரிமையாளர் இஷ்டத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் சேர்க்கக் கூடாது. அலங்காரத்துக்கான சி.எஸ்.எஸ். 75 கே.பி.க்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் விளம்பரத்துக்கும் நீள அகலம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். அப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. திரைக்குக் கீழே இருக்கும் படம், வாசகர் அங்கே வரும்போதுதான் இறங்க வேண்டும்.

இந்த விதிகளில் சாதாரண ஹெச்.டி.எம்.எல்.லில் செய்ய முடியாதது எதுவுமே இல்லை. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் வசதி 2019இல் குரோம் பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு சொல் எழுதினால் போதும். திரைக்கேற்ற அளவில் படம் அனுப்புவது, வெப்பி வடிவத்தில் சுருக்குவது, பிராட்லி முறையில் எழுத்தை இறுக்கி அனுப்புவது எல்லாம் இன்று எந்தத் தளத்துக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. ஏ.எம்.பி.யின் மின்னல் வேகத்தில் ஒரு பெரிய பங்குக்குக் காரணமே வேறு. வாசகர் தேடல் பக்கத்தில் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் சேமிப்பில் இருந்த பிரதியை கூகுள் பின்னணியில் இறக்கி வைத்துவிடும். தொட்டதும் திறந்தது அதனால்தான். அது கூகுளின் சலுகை; பக்கத்தின் குணம் இல்லை.

அந்தச் சலுகைக்குக் கொடுத்த விலை குறைவும் அல்ல. ஒரே செய்திக்கு இரண்டு பக்கங்கள், இரண்டு முகவரிகள். வடிவமைப்பில் எதை மாற்றினாலும் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். வாசகர் பகிர்ந்த இணைப்பில் பத்திரிகையின் பெயருக்கு முன்னால் கூகுளின் பெயர் நின்றது. வலைத் தொழில்நுட்பர்கள் பலர் 2018 ஜனவரியில் கூகுளுக்கு எழுதிய திறந்த மடலின் முக்கியக் குறையே அதுதான். சேமித்து வைத்த பிரதியை முதலில் வருபவருக்குக் காட்டிவிட்டு, பின்னணியில் புதியதை எடுத்து வைப்பது ஏ.எம்.பி. சேமிப்பின் வழக்கம். நிதானமான கட்டுரைக்கு இதனால் கேடில்லை. காலையில் ஒரு விலை, லாரி கிளம்பும்போது ஒரு விலை என்று மாறும் தக்காளிச் செய்திக்கும், அணை திறப்பு எச்சரிக்கைக்கும் அது சரிவராது. அமெரிக்காவில் டெக்சாஸ் தலைமையில் மாநிலங்கள் கூகுள் மீது தொடுத்த வழக்கில், ஏ.எம்.பி. அல்லாத பக்கங்களின் விளம்பரங்கள் வேண்டுமென்றே ஒரு விநாடி தாமதப்படுத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டும் இடம்பெற்றது. கூகுள் வழக்கின் குற்றச்சாட்டுகளை மறுத்தது. உண்மை எதுவானாலும், தன் பக்கத்தின் வேகத்தை அடுத்தவர் கையில் கொடுத்த பத்திரிகை இப்படிப்பட்ட ஐயத்தோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

‘டேட்டாதான் மலிவாயிற்றே!’

எடையைப் பற்றிப் பேசினாலே எழும் முதல் மறுப்பு இது. நியாயமான மறுப்புதான். 2014இல் ஒரு ஜி.பி. டேட்டாவுக்குச் சராசரியாக 270 ரூபாய்க்கு அருகில் கொடுத்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அது சரிந்து, இன்று 10 ரூபாயை ஒட்டி நிற்கிறது. கோவை–பொள்ளாச்சி நெடுஞ்சாலையில் நின்றால் 5ஜி கிடைக்கிறது. பிறகு 2 எம்.பி. பக்கம் ஒரு சுமையா?

சுமைதான். முதலாவது, தினசரி டேட்டா தீர்ந்த பிறகு இணைப்பு அறுந்துவிடுவதில்லை, 64 கே.பி.பி.எஸ். வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது விநாடிக்கு 8 கே.பி. மாலைக்குள் 1 ஜி.பி.யை வீடியோவில் தீர்த்துவிட்ட வீட்டில், 2.3 எம்.பி. பக்கம் ஒன்று முழுதாக இறங்க ஐந்து நிமிடத்துக்கு அருகில் ஆகும். 100 கே.பி. பக்கம் 13 விநாடியில் வந்துவிடும். முதல் பக்கத்துக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. இரண்டாவது, சிக்னல் எல்லா இடத்திலும் நெடுஞ்சாலையைப் போல இல்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகும் வழியில் போனைப் பார்த்தாலே இது தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தபோதும் மின்சாரத்தோடு கைப்பேசிச் சேவையும் தடுமாறியது. தகவல் மிக அவசியமாக இருந்த நேரத்தில்தான் இணைப்பு மிக மெலிந்திருந்தது.

மூன்றாவது காரணம் எல்லாவற்றையும் விடப் பெரியது. பக்கத்தின் சுமையை இறக்குவது இணைப்பு. அதைச் சுமப்பது போன். 100 கே.பி. படமும் 100 கே.பி. ஜாவாஸ்கிரிப்டும் இறங்க ஒரே நேரம்தான் ஆகும். படம் அதோடு முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டையோ போன் படித்து, புரிந்து, இயக்கி முடிக்க வேண்டும். நடுத்தரக் கைப்பேசிப் பக்கம் ஒன்றில் 500 கே.பி.க்கு மேல் ஜாவாஸ்கிரிப்டே இருக்கிறது. பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ விலையுயர்ந்த மடிக்கணினியில் ஃபைபர் இணைப்போடு சோதித்துப் பார்க்கும் பொறியாளருக்கு அது கண்ணிமைக்கும் நேரம். 2 ஜி.பி. ராம் உள்ள, நான்கைந்து வருடம் உழைத்த போனில் திரை உறைந்து நிற்கும். விரல் தொட்டாலும் பக்கம் அசையாது. டேட்டா எவ்வளவு மலிந்தாலும் இந்தத் தாமதம் குறையப் போவதில்லை.

இரண்டாவது மறுப்பு பத்திரிகை அலுவலகங்களிலிருந்து வரும்: விளம்பரம்தான் சோறு போடுகிறது, விளம்பர நிரலைக் குறைத்தால் வருமானம் என்னாவது? இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சான்று எதிர்த்திசையில் இருக்கிறது. தி எகனாமிக் டைம்ஸ் தன் பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் திரைக்கு வரும் நேரத்தை 4.5 விநாடியிலிருந்து 2.5 விநாடிக்குக் கொண்டுவந்து, விளம்பரங்களுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி பக்கக் குலுக்கலையும் குறைத்தது. உள்ளே வந்ததும் வெளியேறுபவர்களின் விகிதம் மொத்தத்தில் 43% மேம்பட்டதாக அந்த அனுபவத்தை விவரிக்கும் ஆய்வு சொல்கிறது. நம்மூர்க்காரர்கள் பஸ் டிக்கெட் எடுக்கும் ரெட்பஸ், விரலின் தொடுகைக்குப் பக்கம் பதில் சொல்லும் வேகத்தைச் சரிசெய்ததில் விற்பனை 7% கூடியது. இரண்டும் தங்கள் சொந்தப் பக்கத்தைத் திருத்திக் கிடைத்த பலன்கள். திறக்காத பக்கத்தில் எந்த விளம்பரமும் ஓடுவதில்லை என்பதை வருமானக் கணக்கில் முதல் வரியாக எழுத வேண்டும்.

மூன்றாவது, ‘ஆப் இருக்க வலைப்பக்கம் எதற்கு?’ என்பது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018இலிருந்து சந்தை விலை உட்படப் பல சேவைகளைத் தருகிறது, அது தேவைதான். அதற்காகத் தகவல் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலியை நிறுவ போனில் இடமில்லை. மிந்த்ரா 2015 மே மாதம் தளத்தையே மூடிச் செயலி மட்டும் போதும் என்றது. அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. கைப்பேசித் தளத்தை மூடிய ஃபிளிப்கார்ட்டும் 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற எடை குறைந்த தளத்தோடு வலைக்குத் திரும்பியது. வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் வந்துவிடுகிறதே என்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. குழுவில் சுற்றும் விலைப்பட்டியல் படத்துக்குத் தேதி இருக்காது, யார் போட்டது என்று தெரியாது. அதைச் சரிபார்க்க ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரி தொட்டதும் திறக்க வேண்டும். திறக்க நேரமாகும்போதுதான் ஆள் ஃபார்வேர்டை நம்புகிறார்.

எழுத்தில் எடை இல்லை

தமிழ் எழுத்தே கனமானது, அதனால்தான் தமிழ்த் தளங்கள் மெதுவாக வருகின்றன என்று ஓர் எண்ணம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிணத்துக்கடவு என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து, 13 பைட். தமிழில் எழுதினால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் சேர்த்து 13 யூனிகோடு குறிகள்; யு.டி.எஃப்.-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் 39 பைட். மும்மடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும் முறைகள் அதை நன்றாகவே இறுக்கிவிடும். 2,000 சொல் கொண்ட ஒரு முழு நீளக் கட்டுரை 50, 60 கே.பி.தான், சுருக்கி அனுப்பினால் அதில் கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு படத்துக்குக்கூட அது ஈடாகாது. ஆண்ட்ராய்டு போன்களில் இன்று தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் எழுத்துருவுக்கு ஒரு பைட்கூடச் செலவில்லை.

நம்மிடம் இதற்கு நல்ல முன்மாதிரிகளும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இன்றைக்கும் எந்த மட்டமான போனிலும் திறக்கின்றன. அவை எழுத்தும் தலைப்பும் மட்டுமே கொண்ட எளிய பக்கங்கள் என்பதுதான் காரணம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் பயிர் வாரியாகத் தமிழில் தரும் குறிப்புகளும் அலங்காரமில்லாத எளிய பக்கங்களே. பிபிசி தமிழில் குறைந்த டேட்டாவில் படிக்க எழுத்து மட்டுமேயான பதிப்பு இருக்கிறது. அதைத் தருவது பிபிசியின் சொந்த சர்வர், சொந்த முகவரி. இரவல் இல்லாத ‘லைட்’ என்பது இதுதான்.

பொறியாளரே இல்லாத சிறு தளத்துக்கு என்ன வழி என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வேர்ட்பிரஸில் ஏ.எம்.பி. பிளக்இன் ஒன்றைப் போட்டால் கட்டுப்பாடு தானாக வந்துவிடும் என்பது உண்மை. ஏற்கெனவே போட்டு, தொல்லையில்லாமல் ஓடுகிறதென்றால் இன்றே பிடுங்க வேண்டாம். மூலப் பக்கத்தை முதலில் சரிசெய்து, அது ஏ.எம்.பி. பிரதிக்கு இணையாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. கூகுள் இன்று எந்த வடிவத்தையும் கேட்பதில்லை, அளவைத்தான் கேட்கிறது: முக்கிய உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் பதில் சொல்ல வேண்டும், படிக்கும்போது பக்கம் குலுங்கக் கூடாது. எளிய தீம், அளவோடு சுருக்கிய படங்கள், தேவையற்ற பிளக்இன்களுக்கு விடை என்ற மூன்றையும் செய்தால் சிறு தளம் இந்த அளவுகளை எட்டிவிடும். பெரிய தளங்களுக்குத்தான் கூடுதல் வேலை இருக்கிறது. யார் எப்போது சேர்த்தார்கள் என்றே தெரியாத நிரல்களைக் கணக்கெடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

அரசுத் துறைகளுக்கு இதில் பொறுப்பு அதிகம். சுற்றறிக்கைகளையும் விலைப்பட்டியல்களையும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆகப் போடுவது, எழுத்தைப் படமாக்கி அனுப்பிய ஓபரா மினி காலத்துக்கு நாமாகவே திரும்புவது. அன்று போனுக்குத் தமிழ் தெரியாததால் அது தேவைப்பட்டது. இன்று எடை கூடுகிறது, தேடலில் கிடைப்பதில்லை, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் படிக்க வருவதில்லை. தட்டச்சு செய்த தமிழாகவே போட்டால் மூன்று குறையும் ஒரே நேரத்தில் தீரும்.

இதற்கெல்லாம் புதிய தொழில்நுட்பம் எதையும் தேட வேண்டியதில்லை. தளத்தைப் புதுப்பிக்க அடுத்த ஒப்பந்தம் போடும் பத்திரிகையும் அரசுத் துறையும் அதில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். தினசரி டேட்டா தீர்ந்த ஒரு விலை குறைந்த போனில், 64 கே.பி.பி.எஸ். இணைப்பில், செய்தியின் எழுத்து 15 விநாடிக்குள் படிக்கக் கிடைக்க வேண்டும். அதைக் கண் முன்னால் திறந்து காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. இந்த நிபந்தனையைத் தாண்டும் பக்கத்துக்கு எந்த நிறுவனத்தின் லைட் வடிவமும் தேவைப்படாது. எந்த நிறுவனம் எதை மூடினாலும் அந்தப் பக்கம் திறந்துகொண்டே இருக்கும்.